கறுப்புக் கரை

புடவைக்குக் கரை இருந்தால் அழகு. வேஷ்டிக்குக் கரை இருந்தால் கௌரவம். ஆனால் வீட்டு விசேஷத்தைப் பிடித்த வீடியோவுக்குக் கன்னங்கரேலென்று கரை விழுந்தால்? அழகுமில்லை, கௌரவமுமில்லை, வெறும் சங்கடந்தான்!

திருப்பூருக்கு அருகே அருள்புரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். மகளின் வளைகாப்பைச் செல்போனில் படம் பிடித்து, அதிலேயே வெட்டி ஒட்டி, பாட்டும் சேர்த்து, 'எக்ஸ்போர்ட்' செய்தாராம். டெலிவிஷனில் போட்டுப் பார்த்தால், கதவிடுக்கு வழியே எட்டிப் பார்ப்பதுபோல் நடுவில் ஒரு பட்டை. இரு பக்கமும் இருட்டு. அதையே சம்பந்தி வீட்டார் செல்போனுக்கு அனுப்பினால், அங்கே நாலு பக்கமும் கறுப்பு! கோபத்தில் 'ஃபில்' என்ற பொத்தானை அமுக்கினார். கறுப்பு போயிற்று. கூடவே, முன்னால் தரையில் உட்கார்ந்து நலங்கு பாடிய மாமியாரும் போய்விட்டார்! "போன மாதம் அத்தை காலமாகிவிட்டார்கள். அவர்கள் பாடுகிற படம் இது ஒன்றுதான். என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம், பெரும்பாலும் அகலம் 1080 புள்ளி, உயரம் 1920 புள்ளி. டெலிவிஷனின் சட்டமோ நேர் எதிர்: அகலம் 1920, உயரம் 1080. நெட்டைப் படத்தை அகலச் சட்டத்துக்குள் முழுதாக வைக்க வேண்டுமானால், உயரம் அடங்கும்வரை சுருக்க வேண்டும். அப்போது படத்தின் அகலம் சுமார் 608 புள்ளிதான். மிச்சமெல்லாம் கறுப்பு, திரையில் மூன்றில் இரண்டு பங்கு வீண். அந்தக் கறுப்போடு சேர்த்து மறுபடி நெட்டைச் செல்போனில் பார்த்தால், திரையில் பத்தில் ஒரு பங்குதான் படம்!

சரி, 'ஃபில்' செய்தால்? படம் திரையை நிரப்பும்வரை பெரிதாகும். மேலும் கீழும் வெட்டுப்படும். இங்கே படத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். வெட்டாமல் இழுத்து நிரப்பினாலோ, ஒல்லியானவர்கூடப் பூசணிக்காய் ஆகிவிடுவார்.

இது இன்று நேற்று வந்த சங்கடமல்ல. 1953-ல் 'தி ரோப்' என்ற ஹாலிவுட் படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம், சிவாஜி கணேசன் நடித்து 1973-ல் வெளியான 'ராஜராஜ சோழன்'. அவ்வளவு அகலமான படங்களை டெலிவிஷனில் முழுதாகக் காட்டினால் மேலும் கீழும் கறுப்பு விழத்தான் செய்யும். பழைய கல்யாண வீடியோ கேஸட்டுகளுக்கு 4:3 என்ற அளவு. இன்றைய 16:9 டெலிவிஷனில் இடமும் வலமும் கறுப்பு விழும். ஆகவே கறுப்பெல்லாம் பிழையல்ல. படத்தை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்பதற்கும் அது அடையாளம்.

உங்கள் படத்தில் கரை விழுந்தால், எக்ஸ்போர்ட் செய்த வீடியோவின் விவரத்தைத் திறந்து அகலம், உயரம் பாருங்கள். மூலப் படத்தின் அளவே இருந்தால் படத்தில் குற்றமில்லை. பார்க்கிற திரையின் வடிவம் வேறு, அவ்வளவுதான். அகல உயர விகிதமே மாறியிருந்தால் கறுப்பு படத்தோடு பதிந்துவிட்டது என்று அர்த்தம். செயலியில் புராஜெக்டைத் திறந்து அதன் வடிவத்தைப் படத்துக்குப் பொருத்தமாக மாற்றுங்கள்: நெட்டைக்கு 9:16, அகலத்துக்கு 16:9. எக்ஸ்போர்ட் அளவும் அதே வடிவமாக இருக்கட்டும். ஓரத்தில் மயிரிழைபோலக் கறுப்புக் கோடு மட்டும் தெரிந்தால், படத்தை நூற்றுக்கு இரண்டு பங்கு பெரிதாக்கினால் போதும்.

அருள்புரத்துச் சகோதரிக்கு ஒரு நல்ல செய்தி. செல்போனில் மூலப் படங்கள் அப்படியே இருப்பதாக எழுதியிருக்கிறார். ஆகவே அத்தை எங்கும் போய்விடவில்லை! 9:16-ல் ஒரு பிரதி செய்து செல்போன்களுக்கு அனுப்புங்கள். டெலிவிஷனுக்கு 16:9-ல் தனிப் பிரதி செய்யுங்கள். அதில் ஒவ்வொரு துண்டாக, முகங்கள் உள்ளே வரும்படி படத்தை மேலோ கீழோ நகர்த்தி நிரப்பலாம். அத்தை பாடும் இடத்தை மட்டும் வெட்ட வேண்டாம். அங்கே கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். மகளும் பாட்டும் அத்தையும் ஒன்றாக இருப்பார்கள்.

ஒருவேளை மூலப் படம் அழிந்திருந்தாலும், கறுப்புக் கரை விழுந்த முதல் பிரதியைத் தூர எறியாதீர்கள். அதில் கரையை வெட்டி எடுத்துவிடலாம். படம் சற்று மங்கினாலும் முழுதாக இருக்கும். 'ஃபில்' செய்த பிரதியில் வெட்டுப்பட்டவரை எந்தச் செயலியாலும் அதிலிருந்து திரும்பக் கொண்டுவர முடியாது.

அளவு கேட்காமல் துணியில் கை வைக்கமாட்டார் கட்டிங் மாஸ்டர். அடுத்த விசேஷத்தில் நீங்களும் அப்படியே செய்யுங்கள். டெலிவிஷனில் பார்க்கப் போகிறோமா, செல்போனிலா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். டெலிவிஷன் என்றால் செல்போனைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். பந்தியில் எல்லாருக்கும் இலை விழுந்ததா என்று பார்ப்பதுபோல், ஓரத்தில் இருப்பவர்களும் படத்துக்குள் வந்துவிட்டார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்குங்கள்!