டிராய்க்கு அடுத்து குருக்ஷேத்திரம்

டிரோஜன் சிறுகோள்களில் சிறியவற்றுக்கு ஒலிம்பிக் வீரர்களின் பெயர்களைச் சூட்டலாம் என்று 2018 ஆகஸ்ட்டில் வியன்னாவில் கூடிய வானியலாளர்கள் எடுத்த முடிவு இன்னும் நடைமுறையில் இருக்கிறது. டிராய் போர் வீரர்களின் பெயர்கள் போதவில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். காரணம் உண்மைதான். அதற்குக் கண்ட வழியைத்தான் ஏற்க முடியவில்லை.

வியாழனின் சுற்றுப்பாதையிலேயே, அதற்கு 60 பாகை முன்னால் ஒரு கூட்டமும் 60 பாகை பின்னால் ஒரு கூட்டமுமாக இந்தச் சிறுகோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. 1906-இல் ஹைடல்பெர்க்கில் மாக்ஸ் வுல்ஃப் முதலாவதைக் கண்டுபிடித்தார். டிராய் போரிலிருந்து பெயர் எடுக்கலாம் என்று யோசனை சொன்னவர் யோஹான் பாலிசா. அக்கிலீஸில் தொடங்கிய வழக்கம் விரைவிலேயே ஓர் ஒழுங்காயிற்று. முன்னால் செல்வது கிரேக்கர் முகாம், பின்னால் வருவது டிராய் முகாம். இந்தப் பிரிவினை வருவதற்கு முன்பே பெயர் பெற்றுவிட்ட ஹெக்டரும் பட்ரோக்ளஸும் மட்டும் எதிரியின் பாசறையில் சிக்கிக்கொண்டார்கள். மற்றபடி, பெயரைக் கேட்டதுமே அந்தக் கல் வானில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பெயரே முகவரியாக இருந்த ஏற்பாடு அது.

அதைத்தான் வியன்னா முடிவு குலைத்தது. சுமார் 22 கிலோமீட்டருக்கும் சிறிய டிரோஜன்களுக்கு ஒலிம்பிக்கில் பங்கேற்ற எவர் பெயரும் பொருந்தும் என்றாகிவிட்டது. ஓட்டக்காரருக்கு ஏது கிரேக்கர் பக்கம், டிராய் பக்கம்? யூரிபேட்டீஸ் கிரேக்கர் படையின் தூதுவன். அவன் பெயர் தாங்கிய சிறுகோளைச் சுற்றும் துணைக்கோளுக்கு, 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக் சுடரை ஏற்றிய நோர்மா என்ரிக்கேட்டா பசிலியோவின் நினைவாக ‘கேட்டா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஒலிம்பிக் சுடரை ஏற்றிய முதல் பெண் அவர். எந்தக் கௌரவத்துக்கும் தகுதியானவர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலான பட்டையில் இத்தகையோருக்கு எப்போதும் இடம் உண்டு. எண் பெற்ற சிறுகோள்கள் பல லட்சம் இருக்க, பெயர் பெற்றவை 25,000 அளவிலேயே இருக்கின்றன. நம் விஸ்வநாதன் ஆனந்தின் பெயர் 4538-ஆம் எண் சிறுகோளுக்கும், ராமானுஜனின் பெயர் 1988-இல் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்ட 4130-க்கும் சூட்டப்பட்டது அந்தப் பட்டையில்தான். விளையாட்டு வீரர்களைக் கௌரவிக்க டிரோஜன் ஒழுங்கை உடைக்கத் தேவையே இல்லை.

பெயர் தீர்ந்தது கிரேக்கக் காவியத்தில்தான்; உலகத்துக் காவியங்களில் தீரவில்லை. பதினெட்டு அக்குரோணி சேனை மோதிய மகாபாரதம் இருக்கிறது. பாண்டவர், கௌரவர் என்று இரண்டே முகாம். அபிமன்யு, கடோத்கசன், அரவான் முன்னால். பீஷ்மர், துரோணர், கர்ணன் பின்னால். வட ஆர்க்காட்டுக் கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்துப் பார்த்து வளர்ந்த சிறுவனும் எந்த வீரன் எந்தப் பக்கம் என்று தடுமாறாமல் சொல்வான். பாரசீகர்களின் ஷாநாமாவில் ஈரானும் துரானும் தலைமுறை தலைமுறையாகப் போரிடுகின்றன. இவையெல்லாம் சிறுகோள்களுக்குப் பெயர் சூட்டும் குழுவில் இருந்த ஒருவர் நினைவுக்கும் வரவில்லையா? நெப்டியூனுக்கு அப்பால் இன்யுவிட் மக்களின் செட்னாவுக்கும், ஹவாய் மக்களின் ஹௌமேயாவுக்கும், ராப்பா நுயி தீவினரின் மாக்கேமாக்கேக்கும் இடம் கொடுத்த அதே குழு, வியாழனருகே வந்ததும் கிரேக்கத்தைத் தவிர வேறு காவியமே இல்லாததுபோல் நடந்துகொண்டது.

இன்னொரு முரணும் இருக்கிறது. அரசியலாலோ போராலோ அறியப்பட்டவர் என்றால் இறந்து நூறாண்டு கழிய வேண்டும் என்பது இவர்கள் விதி. வரலாற்றின் தீர்ப்பு மாறக்கூடும் என்ற எச்சரிக்கை அது. விளையாட்டு வீரருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. 1988 சியோலில் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்ற பென் ஜான்சனின் தங்கம் சில நாள்களிலேயே பறிக்கப்பட்டதை உலகம் மறக்கவில்லை. பதக்கத்தைத் திரும்ப வாங்கலாம். சூட்டிய பெயரை?

இவர்களுடைய பழைய கணக்கும் நன்றாக இல்லை. 2006-இல் பிராக் நகரில் 424 பேர் வாக்களித்துப் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அடுத்த மாதமே அதற்கு 134340 என்று சிறுகோள் எண் ஒட்டப்பட்டது. ஹௌமேயா விஷயம் அதைவிட மோசம். ஸ்பெயின் குழுவும் கலிஃபோர்னியக் குழுவும் அதன் கண்டுபிடிப்புக்கு உரிமை கோரின. 2008-இல் கலிஃபோர்னியர் சொன்ன பெயரை ஏற்றுக்கொண்டு, கண்டுபிடித்த இடம் ஸ்பெயினின் சியரா நெவாடா என்று எழுதி, கண்டுபிடித்தவர் பெயரை வெற்றிடமாக விட்டார்கள். உண்மையை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் இரு தரப்பையும் சமாளித்து ஒதுங்கினார்கள். வியன்னாவிலும் அதே மனப்போக்குதான்: எதிர்ப்பு வராத, உழைப்புக் கேட்காத வழி எதுவோ அதுவே முடிவு.

நாஸாவின் லூசி விண்கலம் 2027 ஆகஸ்ட்டில் யூரிபேட்டீஸை நெருங்கவிருக்கிறது. அதன் பிறகு டிரோஜன்களின் பெயர்கள் பள்ளிப் பாடங்களுக்கும் வரும். அதற்குள் இந்த விதியை மறு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, பிற மக்களின் போர்க் காவியங்களுக்கும் அங்கே இடம் தர வழி காண வேண்டும். நம் நாட்டு வானியலாளர்களும் இதைச் சர்வதேச மேடைகளில் அழுத்திக் கேட்க வேண்டும்.