கொடையா, கூலியா?

வாழ்வின் நன்மைகள் யாவும் இறைவனிடமிருந்தே வருகின்றன என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கை. அதனை மறுக்கும் கிறிஸ்தவர் எவருமிலர். ஆயின், நாவினால் அதனை அறிக்கையிடுவோருட் பலர் அதன் பொருளைத் தலைகீழாக்கிவிட்டனர். வீடு, வாகனம், வெளிநாட்டு விசா, பரீட்சைச் சித்தி என நிரல்படுத்தி, இவை தம் விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசெனச் சாட்சி பகர்வது செபக்கூட்டங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. காணிக்கையை விதையெனவும் செல்வத்தை அதன் விளைச்சலெனவும் போதிப்போர் இவ்வழக்கத்துக்கு இறையியற் சாயம் பூசுகின்றனர். இங்குக் கொடை கூலியாகிறது. கொடுக்கும் இறைவன் கடனாளியாகிறான்.

விவிலியம் கூறுவது இதற்கு நேர்மாறானது. உபாகமத்தின் 8ஆம் அதிகாரத்தில், நல்ல நாட்டிற் குடியேறி, உண்டு நிறைவுற்று, மந்தை பெருகும் வேளையில், இச்செல்வத்தைத் தம் கைவலிமையே ஈட்டியதெனக் கருதலாகாதென மோசே மக்களை எச்சரிக்கிறார். அடுத்த அதிகாரமோ, அவர்களுடைய நீதியின் பொருட்டும் அந்நாடு கொடுக்கப்படவில்லை என்கிறது. முயற்சியின் செருக்கை மறுத்த அதே வாய் பக்தியின் செருக்கையும் மறுக்கிறது. முன்னதை மேற்கோள் காட்டும் போதகர் பின்னதை மறந்துவிடுவது ஏன்?

செல்வம் அருளின் அடையாளமெனின், வறுமை சாபத்தின் அடையாளமாதல் வேண்டும். யோபுவின் நண்பர்கள் வாதித்ததும் இதுவே. நூலின் முடிவில் இறைவனது சினத்துக்கு ஆளானவர்களும் அவர்களே. சீலோவாமிற் கோபுரம் வீழ்ந்து மாண்ட 18 பேரும் ஏனையோரினும் பெரிய பாவிகளல்லர் என்பதை இயேசு தெளிவாகவே உணர்த்தினார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோதும், 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தபோதும் குழந்தைகள் மாண்டனர். உயிர் தப்பியவர் இறைவனுக்கு நன்றி கூறுதல் இயல்பே. ஆயின், தம் விசுவாசமே தம்மைக் காத்ததென ஒருவர் கூறுவாராயின், மாண்ட குழந்தையின் தாய்க்கு அவர் கூறுவது யாது? அது சாட்சியன்று, கொடுமை.

"அவ்வாறாயின், பெற்ற நன்மைக்கு நன்றி கூறலாகாதா?" என வினவுவாருளர். கூறியே ஆகவேண்டும். ஆனால் நன்றி என்பது, உடைமை தன்னுடையதன்று என்னும் ஒப்புதலாகும். நிலம் இறைவனுடையது; மக்கள் அதில் தங்கியிருக்கும் அந்நியரே என்பது லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் வகுத்த நெறி. முதற்பலனைக் கூடையில் ஏந்திச் சென்றவன் அம்மகிழ்ச்சியில் லேவியனையும் அந்நியனையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்; மூன்றாம் ஆண்டின் பத்திலொரு பங்கு அநாதையையும் விதவையையுஞ் சென்றடைதல் வேண்டும். லூக்கா கூறும் செல்வன் எவரிடமும் திருடினானல்லன். அவனது நிலம் நன்கு விளைந்தது, அவ்வளவே. ஆயினும், தன் களஞ்சியம், தன் தானியம் என்பதற்கு அப்பால் அவன் சிந்தை செல்லவில்லை. அதனாலேயே அவன் அறிவிலி எனப்பட்டான்.

மேலும், பெற்றதற்காக மாத்திரம் நன்றி கூறுபவன் இழந்த நாளில் மௌனியாவான். அத்தி பூவாது, தொழுவம் வெறுமையுற்ற வேளையிலும் இறைவனில் மகிழ்வேனெனத் துணிந்த ஆபகூக்கின் நம்பிக்கை அத்தகையதன்று. அவர் கொடையைவிடக் கொடுப்பவனை அறிந்திருந்தார். 2010இல் கேப் டவுன் நகரிற் கூடிய லொசான் உலக மாநாடு செழிப்புப் போதனையை விவிலியத்துக்கு ஒவ்வாததென நிராகரித்தது. அந்நிராகரிப்பு மாநாட்டு ஏடுகளோடு நின்றுவிடலாகாது. இங்குள்ள மேடைகளிலும் ஒலித்தல் வேண்டும்.

அறுவடை விழாக்களிற் பீடத்தின் முன் நெல்லும் வாழைக்குலையும் குவிகின்றன. கொண்டுவந்தவர் எவ்வளவு ஆசீர்வதிக்கப்பட்டார் என்பது அங்குக் கேட்கத்தக்க வினாவன்று. அக்குவியல் அதன்பின் எவருடைய அடுப்புக்குச் செல்கிறது என்பதே வினா. இறைவனை நன்மைகளின் ஊற்றென ஒரு சபை உண்மையில் அறிந்திருக்கிறதா என்பதை அதற்கான விடையே காட்டும்.