கொழுந்து மலைக்கு மலசலகூடம் எப்போது?

மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கும் நீர் 1965 முதல் விமலசுரேந்திர மின்நிலையத்தை ஓட்டுகிறது. அங்கிருந்து நோட்டன் அணைக்கு வந்து, லக்சபானவுக்கு இறங்குகிறது. தென்மேற்குப் பருவம் தொடங்கினால் நாள் முழுக்க மழை வேறு. இத்தனை தண்ணீருக்கு நடுவே, தேயிலை மலைக்கு ஏறும் கொழுந்து பறிக்கும் பெண்கள் பலர் காலையில் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் போகிறார்கள். குடித்தால் ஒதுங்க இடமில்லை.

அந்தத் தாகத்தைச் சமாளிப்பது சிறுநீரகம். கடைசி விலா எலும்புகளின் மறைவில் இருக்கும் இந்த இரண்டும் சேர்ந்து 300 கிராம் எடைகூடத் தேறாது. ஆனாலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்குத்தான் போகிறது. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான் எனும் வடிகட்டி அலகுகள் சுமார் 10 இலட்சம். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் நுண்குழாய்களின் ஒரு முடிச்சு. இரத்த அழுத்தம் தள்ளும்போது நீரும் உப்பும் சர்க்கரையும் யூரியாவும் அங்கே கசிகின்றன. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளேயே நின்றுவிடுகின்றன. இப்படிக் கசிவது நாளொன்றுக்கு 180 லீட்டர். சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லீட்டர் அளவுதான். மிச்சமெல்லாம் உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்கே திரும்புகிறது.

உடலில் நீர் குறைந்தால் மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹோர்மோன் சுரக்கும். சிறுநீரகம் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிறுநீர் கடுமஞ்சளாகிச் சுருங்கும். குளிர் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு ஒதுங்குவதால், நீர் கூடிவிட்டதாகக் கணித்துச் சிறுநீரகம் அதிகமாக வெளியேற்றுகிறது. தாகமும் எடுப்பதில்லை. ஆகவே இடுப்பில் படங்கு கட்டி, மழையில் நனைந்தபடி கொழுந்து பறிப்பவளுக்குக் குடிக்கத் தோன்றாது. ஆனால் அடிக்கடி முட்டும்.

அவள் எங்கே போவாள்? குடியிருக்கும் லயத்துக்கு இறங்கி ஏறினால் பறிக்கும் கிலோ குறைந்துவிடும். கேட்ட கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். தேயிலைச் செடிகளுக்கு இடையில் உட்காரலாமென்றால் காலில் அட்டை ஏறும். மேல் வரிசையில் கங்காணி நிற்பார். மாதவிலக்கு நாட்களில் நிலைமை இன்னும் மோசம். கடைசியில் அடக்கிக்கொள்வதே வழக்கமாகிவிடுகிறது.

ஒரு நாள் அடக்கியதால் சிறுநீரகம் கெட்டுவிடாது. ஆனால் பெண்ணின் சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாயின் நீளம் சுமார் 4 சென்ரிமீற்றர்தான். நீர் குறைவாகக் குடித்து, நெடுநேரம் அடக்கினால், உள்ளே போன கிருமி கழுவப்படாமல் பெருகும். அது மேலேறிச் சிறுநீரகத்தைத் தொட்டால் நடுக்கக் காய்ச்சலும் விலாவலியும் வரும். கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவ ஆபத்தும் உண்டு. கடுத்த சிறுநீரில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது.

இலங்கையில் சிறுநீரக நோய் என்றாலே மதவாச்சியும் பதவியாவும்தான் பேசப்படும். 1990களிலிருந்து வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டும், காரணம் தெளிவாகாத அந்த நோய் வேறு. அதை மலையகத்தோடு குழப்பத் தேவையில்லை. மலையகம் பாடம் படிக்கவேண்டிய இடம் நிகரகுவா. அங்கே வெயிலில் கரும்பு வெட்டும் தொழிலாளருக்குத் தண்ணீரும் நிழலும் ஓய்வும் முறையாகக் கொடுத்தபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. அங்கே பகை வெயில், இங்கே குளிர். இரண்டு இடத்திலும் மாற்றவேண்டியது வேலைமுறைதான். தொழிலாளியின் பழக்கத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

1992க்குப் பிறகு தோட்டங்களை நடத்தும் கம்பனிகளும் அரசும் லயங்களுக்கு மலசலகூடம் கட்டியதைக் காட்டி நின்றுவிடக்கூடாது. அவை வீட்டுக்கானவை. பெண்ணின் பகல் பொழுது கழிவது மலையில். கொழுந்து நிறுக்கும் ஒவ்வொரு இடத்திலும் கதவும் தண்ணீரும் உள்ள ஒரு மலசலகூடம் வேண்டும். கொதித்தாறிய குடிநீர் வேண்டும். மலசலகூடத்துக்குப் போய்வரும் நேரத்துக்காகப் பேர் வெட்டக்கூடாது. இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு கூடித் தெரிவதற்குள் சிறுநீரகத்தின் செயல்திறனில் பாதி போயிருக்கலாம். ஆகவே தோட்ட டிஸ்பென்சரியில் வருடம் ஒருமுறையாவது இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்கப்பட வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கங்கள் இந்தக் கோரிக்கையையும் மேசையில் வைக்கட்டும்.