அப்கிரேட் போட்டாச்சு, அப்புறம்?

லினக்ஸ்ல ‘ஆப்ட் அப்டேட்’ அடிச்சதும் எல்லாம் புதுசாயிடுச்சுன்னு நினைக்கிறீங்களா? அது பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கும். லைப்ரரியை மாற்றுவது ‘ஆப்ட் அப்கிரேட்’. அதோடும் வேலை முடியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், மெமரியில் ஏற்றிய பழைய லைப்ரரியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளியே தெரிந்தது. திருத்தமும் கூடவே வந்தது. ஆனால் அதைப் போட்டுவிட்டு வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாவிட்டால், பாஸ்வேர்டு கசியும் ஆபத்து அப்படியேதான் இருந்தது.

டெபியன், உபுண்டுவில் எந்தெந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று ‘நீட்ரீஸ்டார்ட்’ காட்டிவிடும். லேப் சர்வரில் அப்கிரேட் போட்டுட்டு அப்படியே எழுந்து போயிடாதீங்க. அதை ஒருமுறை ஓட்டிப் பாருங்க. உங்க நண்பர்களோட பாஸ்வேர்டும் அதுலதான் இருக்கு.