சுவைக்கும் சொல் வேண்டும்

சுவைத்தல் வேறு, சுவைத்ததைச் சொல்லுதல் வேறு. முன்னது நாவின் தொழில். பின்னது மொழியின் தொழில். நா உணர்ந்ததை மொழி உரைக்க மாட்டாதாயின், அக்குறை நாவினுடையதன்று; மொழியைப் பேணாதார் குறையேயாம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 'அமெரிக்கன் சிங்கிள் மால்ட்' என்னும் விஸ்கிக்கு 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் சட்ட இலக்கணம் உண்டு. முளைகட்டிய வாற்கோதுமை ஒன்றினாலேயே அஃது ஆக்கப்படல் வேண்டும். ஒரே வடிசாலையில் வடிக்கப்படல் வேண்டும். 700 லீற்றருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில் முதிர்தல் வேண்டும். இவை அவ்விலக்கணத்துட் சில. முதிர்ந்த விஸ்கியை, ஸ்பெயின் தேசத்து ஷெரி மது இருந்த பீப்பாய்க்கு மாற்றி, மேலும் சில காலம் வைத்தெடுப்பாரும் உளர். முந்திரிகை வற்றல், தோடம்பழத் தோல் முதலியவற்றின் சாயல் அதனால் ஏறும் என்பர்.

அட்டனை அடுத்த தோட்டமொன்றில் டீமேக்கராக உள்ள என் பழைய மாணவர், அத்தகைய விஸ்கியை ஒருமுறை சுவைத்துப் பார்த்ததாகக் கூறினார். யான் மதுவுண்பவன் அல்லேன். ஆயினும் சுவை எத்தகையது என்று வினவினேன். "முதலில் பழவற்றலின் இனிப்பு, ஐயா, முடிவில் மரத்தின் துவர்ப்பு. நடுவிலே மால்ட்டியாக இருந்தது" என்றார். மால்ட்டி என்பதைத் தமிழில் எங்ஙனம் சொல்வீர் என்றேன். அவர் சற்றே சிந்தித்து, "தேயிலைக்கும் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறோம், ஐயா. தமிழில் எழுதிப் பார்த்ததில்லை" என்றார்.

அவ்விடை என்னை வருத்திற்று. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, மலையகத்துத் தேயிலை பெரும்பாலும் தமிழர் கைப்பட்டே வளர்ந்தது. கொழுந்து கிள்ளுவார் பேசுவது தமிழ். ஆலையில் வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்துவார் பலர் பேசுவதும் தமிழ். கிண்ணத்தில் வடித்த சாயத்தைக் கரண்டியால் ஓசையெழ உறிஞ்சி, நாவில் உருட்டி உமிழ்ந்து, மதிப்பெழுதும் வேளையில் மட்டும் தமிழ் வாயிலிலேயே நின்றுவிடுகிறது. 1883 முதல் கொழும்பில் நிகழும் ஏலத்திலே அதற்கு இடமில்லை.

தமிழுக்கு இத்துறை புதிதோ எனின், அன்று. கள், நறவு, மட்டு, தோப்பி, தேறல் எனச் சங்கச் சான்றோர் வகைபிரித்துப் பெயரிட்டனர். மூங்கிற் குழாயிலே தேறலை முதிரவைத்த குறிஞ்சி நில மக்களையும், யவனர் கலத்திற் கொணர்ந்த நறுந்தேறலையும் அவர்தம் பாட்டுக்கள் அறியும். மரத்தினுள் மது முதிரும் என்பதை இன்று அமெரிக்கர் சொல்ல நாம் கேட்க வேண்டியதில்லை. அறுசுவையை வகுத்தோர்க்கு ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியாத் தேயிலையின் மென்மணத்தையும், திம்புலைத் தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரை வீசும் வறண்ட குளிர்காற்றிற் பெறும் தனிச்சுவையையும் சொல்ல மாட்டாமையா நேரும்?

கொள்வார் அயல்நாட்டார், அவர்க்கு ஆங்கிலமே ஏற்றது என்பார் உளர். கொள்வார்க்கு ஆங்கிலத்தில் எழுதுக, தடையில்லை. ஆனால் லயத்திற் பிறந்து தமிழிற் கற்கும் பிள்ளைக்கு, தன் தாய் கிள்ளிய கொழுந்தின் தரத்தை எம்மொழியில் விளக்குவது? சொல் அறியாதான் அறிவுடையவனாயினும் சுவைக்கும் மேசையருகே நாணி நிற்பான். தேநீரின் குணம் அறிந்தும் அந்நாற்காலியை அவன் எட்டாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

மதுவின் பெயரை எடுத்ததனால் யான் மதுவைப் போற்றினேன் என்று கொள்ளற்க. குடி, லயங்களிலே எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பதை மலையகத்து ஆசிரியர் அனைவரும் அறிவர். விஸ்கி வல்லாரிடம் நாம் கொள்ளத்தக்கது குடியன்று. நாவின் நுண்மையைச் சொல்லில் வடிக்கும் கவனம் ஒன்றே.

சொற்களை அகராதியிற் புனைய வேண்டா. அவை மக்கள் நாவில் உள்ளன. மிகைச்சூடு பட்ட தேயிலை கருகல், விறகுப்புகை ஏறியது புகைமணம், செறிவற்றது சப்பு, தொண்டையைப் பிடிப்பது காறல், மிகத் துவர்ப்பது கயர். இவை போல்வன ஆயின் வேண்டும். ஆசிரியர்கள் தம் மாணவரை ஆலைக்கும் மலைக்கும் அனுப்பி, முதியோர் வாய்ச்சொற்களைத் தொகுக்கச் செய்வாராக. இலக்கிய வட்டத்தார் ஓர் அமர்வையேனும் இதற்கு ஒதுக்குவாராக. அங்ஙனம் தொகுத்த ஏட்டினை, 'மால்ட்டி' என்பதற்குத் தமிழ் தேடும் என் மாணவர் போன்றார் கையில் கொடுப்போமாக. அதனைக் காட்டிலும் பயனுள்ள அகராதிப் பணி இன்று மலையகத்தில் வேறில்லை என்பது என் துணிபு.