சிந்தனைக்கு: நாணச் செய்யும் நன்மை

தென்னாபிரிக்க இந்தியர்களின் குறைகளை முறையிட 1909ஆம் ஆண்டு இலண்டன் வந்திருந்த காந்தியடிகளுக்கு ஒரு கடிதத்தின் பிரதி கிடைத்தது. இந்திய விடுதலைக்கு எதிர்ப்பே வழி என்று வாதிட்ட தாரக்நாத் தாஸ் என்பவருக்கு உருசியப் பேரறிஞர் டால்ஸ்டாய் 1908இல் எழுதிய பதில் அது. அதில் டால்ஸ்டாய் எடுத்துக்காட்டிய நூல்களுள் நமது திருக்குறளும் ஒன்று. இன்னாசெய்யாமை அதிகாரத்தின் கருத்துக்கள் அங்கே இடம்பெற்றன. காந்தியடிகள் டால்ஸ்டாயின் அனுமதியைப் பெற்று, திரும்பும் கப்பலிலேயே அக்கடிதத்தைக் குஜராத்தியில் மொழிபெயர்த்தார்.

தீங்கு செய்தவன் நாணும்படி அவனுக்கு நன்மை செய்வதே தக்க தண்டனை என்கிறார் வள்ளுவர். இது கோழையின் பேச்சன்று. அடிக்கு அஞ்சுபவன் காவலன் மறைந்ததும் பழையபடி ஆகிவிடுவான். நாணியவனுக்கோ அவன் மனமே காவல். மனித இயல்பை நன்கறிந்து எழுதிய மருந்துச்சீட்டு இது.

1996 முதல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆபிரிக்கக் கல்லூரி வளாகத்தில் வள்ளுவர் சிலை நிற்கிறது. நம் பிள்ளைகளும் குறளை மனனம் செய்து பரிசு பெறுகிறார்கள். நல்லதே. ஆனால் இக்குறளைச் சொல்லிக்கொடுக்கும் தந்தை, மனக்கசப்பால் ஆண்டுக்கணக்காகப் பேசாதிருக்கும் தம்பியின் வீட்டுக்கு ஒருநாள் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய்வரட்டும். பொருளைப் பிள்ளை தானே விளங்கிக்கொள்ளும்.