மூடிய அறையும் மக்களின் இசைவும்

மக்களாட்சி வாக்குச்சீட்டோடு முடிந்துவிடுவதன்று. தம்மை ஆளும் சட்டம் எவ்வாறு உருவாயிற்று, எவர் வற்புறுத்தினார், எவர் விட்டுக்கொடுத்தார் என்பவற்றை மக்கள் அறியும்போதே அவர்தம் இசைவு மெய்யான இசைவாகின்றது. நாடுகளின் எல்லை கடந்து எழும் ஆட்சியமைப்பில் இஃது இன்னும் இன்றியமையாதது. இதற்கு ஐரோப்பிய ஒன்றியமே தக்க சான்று.

27 நாடுகள் இணைந்த அவ்வொன்றியத்தில் சட்டத்தை முன்மொழியும் உரிமை பெரும்பாலும் ஆணையத்திற்கே உரியது. 1979 முதல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்துவரும் நாடாளுமன்றமும், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றமும் ஏற்றால் அது சட்டமாகும். ஏட்டளவில் குறையில்லை. நடைமுறையிலோ, மூன்று அமைப்புகளின் பேராளர்களும் மூடிய அறையில் கூடி உடன்பாடு காண்கின்றனர். இதனை 'முத்தரப்புப் பேச்சு' என்பர். பின்னர் அவையில் நிகழும் வாக்கெடுப்பு, முடிந்த ஒன்றுக்கு முத்திரையிடுவதாகவே பெரிதும் அமைகின்றது.

1992-இல் டென்மார்க் மக்கள் மாஸ்டிரிக்ட் உடன்படிக்கையை நிராகரித்த பின்னர், திறந்த நிருவாகம் பற்றிய குரல் அங்கு வலுப்பெற்றது. 2001-இல் ஆவணங்களைப் பெறும் உரிமைக்கு விதி பிறந்தது. ஆயினும் அந்த அறையின் கதவு எளிதில் திறக்கவில்லை.

முத்தரப்புப் பேச்சின் ஆவணம் நான்கு பத்திகளைக் கொண்டது. முதல் மூன்றில் மூன்று அமைப்புகளின் நிலைப்பாடுகளும், நான்காவதில் இணக்க வாசகமும் இடம்பெறும். நாடாளுமன்றத்தின் முன்னாள் அலுவலர் ஒருவர் 2015-இல் இத்தகைய ஆவணங்களைக் கேட்டார். அவற்றுட் சிலவற்றின் நான்காம் பத்தியை நாடாளுமன்றம் தர மறுத்தது. 2018 மார்ச்சில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அம்மறுப்பை நீக்கித் தீர்ப்பளித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அவையே மக்களுக்கு மறைக்க முயன்றது என்பது எண்ணத்தக்கது.

பலர் பார்க்கப் பேசினால் விட்டுக்கொடுப்பது அரிது என்பர் சிலர். அதில் ஓரளவு உண்மையுண்டு. பேச்சின் ஒவ்வொரு சொல்லையும் பறைசாற்றுமாறு நாம் கேட்கவில்லை. ஆனால் செல்வாக்குடையோர்க்கு மூடிய கதவும் திறக்கும். எளியோர்க்கே அது மூடிக் கிடக்கும். மறைவு இருசாராரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை.

எனவே, எவரும் மனுச் செய்து வழக்காடிப் பெறும் நிலையின்றி, நான்காம் பத்தி பேச்சு நடக்கும்போதே வெளியிடப்படல் வேண்டும் என்பதே நம் கருத்து. சட்டம் நிறைவேறிய பின்னர்க் கிட்டும் செய்தி வரலாற்று ஆசிரியனுக்கு உதவும், குடிமகனுக்கு உதவாது. காலத்தே அறிவிக்கப்படாத ஆட்சி, கீழ்ப்படிதலைப் பெறலாம், நம்பிக்கையைப் பெறாது.